மூன்று பொட்டும் எழுபது ஆம்பியரும்

அம்பத்தூர், கள்ளிக்குப்பம்
28-11-93, ஞாயிறு

அன்பு மகன் ஆனந்தனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு அவரவர் வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறோம். கரக்பூரில் நீயும் மருமகள் சாமுண்டீஸ்வரியும் குழந்தையும் இந்தக் குளிரில் சளி கிளி பிடிக்காமல் சௌக்கியமாக இருப்பதாக உன் பதிலில் படித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இல்லையே என்று பயந்துவிடாதே. குத்தம்பாக்கத்தில் உன் அப்பாவின் பெரியப்பா வேம்புலி தாத்தா தீபாவளி கழித்து நாலாம் நாள் போய்ச் சேர்ந்தார். தொண்ணூற்றொரு வயது, காலையில் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை, கல்யாணச் சாவு, எடுத்த இடத்தில் அழுததைவிடச் சிரித்துப் பேசியதுதான் அதிகம். நீ அவ்வளவு தூரத்திலிருந்து வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று அப்பாதான் தந்தி வேண்டாம் என்றார், கோபிக்காதே. பங்காளி முறை என்பதால் நமக்குப் பதினாறு நாள் தீட்டு, உனக்கும் உண்டு, அடுத்த வியாழக்கிழமை வரை கோயிலுக்குப் போகாமல் இருந்துகொள். இந்தத் தீட்டுக்கும் என் வெல்டிங்குக்கும் ஒரு பெரிய சம்பந்தம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இத்தனை தாள் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தீபாவளிக்கு நீ அனுப்பிய பச்சைப் புடவையும் அதோடு வந்த கடிதமும் கிடைத்தன. புடவை நன்றாக இருந்தது, கடிதம்தான் நன்றாக இல்லை. நாற்பத்தெட்டு வயதில் உனக்கு எதற்கம்மா வெல்டிங், கண் போனால் திரும்பி வருமா, உடனே நிறுத்து, இல்லாவிட்டால் பொங்கலுக்கு வரும்போது நானே பட்டறைக்கு வந்து முதலாளியிடம் சொல்லி நிறுத்துகிறேன் என்று எழுதியிருக்கிறாய். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது, அதனால்தான் இத்தனை நாளாகப் பதில் போடவில்லை. உனக்குக் கோள் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். அப்பா எனக்குத் தெரியாமல் இன்லண்டு லெட்டர் வாங்கி ஆவடி ஃபாக்டரி கேன்டீனில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எழுதியதுதான் எழுதினார், முழுசாக எழுதியிருக்கலாம். முதல் வாரத்தில் ஒரே ஒரு நாள் தலையில் மாட்டும் ஷீல்டை இறக்குவதற்கு முன்னால் கை அவசரப்பட்டுப் பற்றவைத்துவிட்டது, ஒன்றல்ல, நாலைந்து தடவை. ராத்திரி கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது மாதிரி இருந்தது உண்மைதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் இரண்டு சொட்டு வாங்கி விடச் சொன்னார்கள், விட்டேன், காலையில் டாக்டரிடமும் போய்ச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டேன், மூன்றாம் நாள் ஊசியில் நூல் கோத்தேன். அன்றிலிருந்து பதினோராம் நம்பர் கறுப்புக் கண்ணாடி போட்ட ஷீல்டை முகத்தில் இறக்காமல் பொத்தானைத் தொட்டதில்லை. இதை அப்பா எழுதினாரா.

நான் ஏன் இதில் இறங்கினேன் என்று நீ கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். ரகுநாதன் முதலாளி பட்டறையில் பன்னிரண்டு வருஷமாகப் பஃபிங் செய்கிறேன், அதாவது வெல்டர் ஒட்டிய ஒட்டு கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. எத்திராஜ் ஒட்டுவான், நான் அழிப்பேன். நல்ல ஒட்டு பொன் நிறத்தில் வரும், அதைத் தேய்க்கவே எனக்கு மனசு வராது. கொஞ்சம் சூடு கூடினால் நீலம், ரொம்பக் கூடினாலோ கேஸ் சரியாகப் படாவிட்டாலோ சாம்பல் நிறம், கறுப்பு. அதைத் தேய்ப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். இந்த எத்திராஜ் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டான். பால் சங்கத்துக்குக் கொடுக்கவேண்டிய எவர்சில்வர் தொட்டி பாதியில் நிற்கிறது. முதலாளி கிண்டியிலிருந்து ஒருவனைக் கூட்டிவந்தார், அவன் இரண்டு நாள் வந்து மூன்றாம் நாள் வரவில்லை. ஆயுத பூஜை முடிந்து பொரி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது நான் போய் நின்று, நான் செய்து பார்க்கிறேன் என்றேன். அவர் பொரிக் கையோடு என்னைப் பார்த்து, இந்தாம்மா பஞ்சவர்ணம், இது இன்னா தோசை சுடற வேலைன்னு நெனச்சிகினியா என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா, தோசை சுடுவது சுலபம் என்று உங்களுக்கு யார் சொன்னது, ஒரு நாள் கல்லுக்கு முன்னால் நின்று பாருங்கள் என்றேன். கடைசியில், துண்டுத் தகட்டில் ஒட்டிப் பழகிக்கொள், நவம்பர் இருபத்தாறு சங்கத்து இன்ஸ்பெக்டர் வருகிறார், அன்றைக்குத் தொட்டி ஒழுகாமல் நின்றால் வெல்டிங் மெஷின் உனக்கு, ஒழுகினால் வெளி ஆளைப் போடுவேன், நீ மறுபடி பஃபிங்குக்குப் போ, அப்புறம் என்னிடம் கேட்கக் கூடாது என்றார். சரி என்றேன். பன்னிரண்டு வருஷம் மற்றவர் வேலையை அழித்தவளுக்கு ஒரு தடவையாவது தன் கையால் ஒட்ட ஆசை இருக்காதா ஆனந்தா. அவ்வளவுதான் விஷயம்.

இந்த டிக் வெல்டிங்கில் ஒரு கையில் டார்ச், அதன் மூக்கில் பென்சில் மாதிரி சீவிய டங்ஸ்டன் ஊசி, அது உருகாது, தகடுதான் உருகும். மறு கையில் மெல்லிய கம்பி, உருகின இடத்தில் தொட்டுத் தொட்டு எடுக்கவேண்டும். சுற்றிலும் காற்றுப் படாமல் ஆர்கான் கேஸ் வந்து மூடிக்கொள்ளும். கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை ஆம்பியர், எவ்வளவு கேஸ் என்று யாரைக் கேட்பது. எத்திராஜ் ஒரு தாளிலும் எழுதி வைக்கவில்லை, எல்லாம் அவன் தலையோடு மஸ்கட் போய்விட்டது. முதலாளிக்குத் தெரிந்தது இரும்புக் கிரில்லுக்குக் குச்சி வைத்து ஒட்டுவதுதான், அந்த ஞாபகத்தில் நூற்றுப் பத்து வை என்றார். வைத்தேன், தகட்டில் ஐம்பது பைசா அளவுக்கு ஓட்டை விழுந்து என் செருப்பு தெரிந்தது. பயந்துபோய் நாற்பதுக்கு இறக்கினேன், தகடு வேர்த்ததே தவிர உருகவில்லை, கம்பி உருண்டு உருண்டு மேலேயே நின்றது. கல் காயாமல் மாவை ஊற்றினால் என்ன ஆகும், அதேதான். அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தேன், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது என்று. கேஸைத் தொடாமல் ஆம்பியரை மட்டும் ஐந்து ஐந்தாக ஏற்றுவது, ஒவ்வொரு துண்டின் நிறத்தையும் பார்த்து, நம் வீட்டுத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்னால் எழுதிக்கொள்வது. அப்பா நல்ல நேரம் பார்க்கத் தேடினால் தாளெல்லாம் என் பையில் இருக்கும், அதற்கு ஒரு சண்டை. இரண்டு மில்லி தகட்டுக்கு எழுபதில் ஒட்டு வாகாக ஓடியது, ஆனால் நிறம் மட்டும் சாம்பல். கேஸ் போதவில்லையோ என்று ஏற்றினேன், கேஸ் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயில் எட்டில் மிதந்த சின்னக் குண்டு பத்து, பதினைந்து என்று மேலே போக, நிறம் இன்னும் மோசமானது. அப்போதுதான் முதுகில் காற்று சில்லென்று பட்டது. பக்கத்தில் பஃபிங் செய்கிற வனஜாவின் பெடஸ்டல் ஃபேன். அது என் கேஸையெல்லாம் ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறது, நான் மேலும் மேலும் திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறேன். நிறுத்தச் சொன்னேன். அய்ய, இன்னாக்கா நீ, ஒரு ஒட்டு ஒட்டறதுக்கு எங்கள வேக வைக்கிறியே என்று சத்தம் போட்டாள், ஆனாலும் திருப்பி வைத்தாள். குண்டை மறுபடி எட்டுக்கு இறக்கினேன். அன்றைக்குத்தான் முதல் முதலாக என் ஒட்டில் பொன் நிறம் பார்த்தேன்.

ஆனால் முழுசாக இல்லை. ஒவ்வொரு துண்டிலும் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிகிற இடத்தில் ஒன்று, படபடவென்று தெறித்து, சுண்டைக்காய் அளவுக்குக் கறுத்து, உள்ளே பொடி ஓட்டை. மற்ற இடமெல்லாம் தங்கமாக இருக்கும். நான் அறுபது வைத்தேன், எண்பது வைத்தேன், டங்ஸ்டனைத் திரும்பத் திரும்பச் சீவினேன், கம்பியை மாற்றினேன், மழைக்கால ஈரமாக இருக்கும் என்று தகட்டை வெயில் வந்த நேரமெல்லாம் வாசலில் காய வைத்தேன். என்ன செய்தாலும் மூன்று ஓட்டை, அதே மூன்று இடம். பத்து நாள் இப்படியே போயிற்று. தீபாவளிக்குப் பலகாரம் சுட உட்கார்ந்தால் அதிரசத்தில் ஓட்டை போடும்போதுகூட எனக்கு அதே ஞாபகம். முதலாளி கிண்டிக்குப் போன் போட்டு ஆள் கேட்பது என் காதில் விழுந்தது. உண்மையைச் சொல்கிறேன், அப்போதுதான் உன் கடிதம் வந்தது, மகன் சொன்னான் என்று சொல்லிக் கௌரவமாக விலகிவிடலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் வேம்புலி தாத்தா போனார். இரண்டு நாள் லீவு போட்டு, பால் தெளிப்பு முடித்து, தலை முழுகிவிட்டு வேலைக்குப் போனேன். சும்மா ஒரு துண்டு ஒட்டினேன், ஓட்டை இல்லை. இன்னொன்று, அதிலும் இல்லை. ஐந்து துண்டு ஒட்டினேன், ஐந்தும் முனைக்கு முனை பொன் நிறம். சாமியைக் கும்பிடக்கூட முடியாத நாளில் எப்படி இது என்று எனக்கே குழப்பம். கை பழகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன், வனஜாவும் அப்படித்தான் சொன்னாள், தாத்தா மேலே போனவுடன் சிபாரிசு பண்ணிவிட்டார் என்று கேலியும் செய்தாள். புதன்கிழமை தொட்டியை எடுத்தோம். தொட்டியின் உடம்பை வளைத்து, மேலிருந்து கீழாக நெட்டுக்கு எத்திராஜ் முன்பே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான், நான் அடிப்பாகத்தை வைத்துச் சுற்றிலும் ஒட்டவேண்டும். ஷீல்டை இறக்கப் போகிறேன், இரு இரு அக்கா என்று வனஜா ஓடிவந்தாள். பெரிய வேலய தொடறே, பொட்டு வெக்காம இன்னா இது, ஒனக்குத்தானே தீட்டு, எனக்கு இன்னா, நான் வெக்கிறேன் என்று சந்தனத்தைக் குழைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, சரியாக ஒட்டுப் போடுகிற கோட்டின்மேல் மூன்று இடத்தில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் அந்த மூன்று பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். உனக்கு இப்போது புரிந்திருக்கும், எனக்குப் புரிய பத்து நாளும் ஒரு சாவும் வேண்டியிருந்தது. நம் வீட்டில் புதுப்பானை வாங்கினால் மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம் வைக்காமல் அடுப்பில் ஏற்றமாட்டேன் அல்லவா, அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு துண்டுத் தகட்டுக்கும் ஒட்டுகிற கோட்டின்மேலேயே பொட்டு வைத்துவிட்டுத்தான் பற்றவைத்திருக்கிறேன். ஈரச் சந்தனமும் குங்குமமும் சேர்ந்து அந்தச் சூட்டில் வெந்து புகைந்து தெறிக்காமல் என்ன செய்யும். பாவம் அந்த மெஷின், அதன் காதைத் திருகாத நாள் இல்லை. தீட்டு வந்ததும் பொட்டு நின்றது, ஓட்டையும் நின்றது. எனக்கு அங்கேயே சிரிப்பு தாங்கவில்லை. உட்கார்ந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் தின்னர் தோய்த்த துணியால் மூன்று பொட்டையும் அழுத்தித் துடைத்தேன். வனஜா முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே, சாமி பொட்ட அழிக்கிறியே, நீ நல்லா இருப்பியா என்று கத்தினாள். அவளிடம் ஓட்டைத் துண்டுகளை எடுத்துக் காட்டி, பொட்டு வைத்த இடத்தையும் காட்டினேன். துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்துப் போய் மெஷினின் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டு, இங்க வெச்சா ஒண்ணும் ஆவாதுல்ல என்றாள். ஆகாது என்றேன். சுற்று முழுவதும் ஒட்டி முடிக்க வியாழன் மாலை ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். உன் வயதுதான் இருக்கும், பேண்ட் பாக்கெட்டில் பூதக்கண்ணாடி. சாக்பொடியைத் தண்ணீரில் குழைத்து ஒட்டின்மேல் வெளிப்பக்கம் பூசிக் காயவைத்து, உள்பக்கம் கெரசின் தடவினார்கள். சின்ன ஓட்டை இருந்தாலும் கெரசின் கசிந்து வெள்ளையில் ஈரமாகத் தெரியும். அரை மணி நேரம் நிற்கவேண்டும். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, பிரசவத்தில்கூட அப்படி அடித்ததில்லை. இருபது நிமிஷத்தில் வனஜா என் கையைக் கிள்ளினாள், பார்த்தால் வெள்ளையில் மிளகு அளவு ஒரு ஈரம். முதலாளி குனிந்து பார்த்தார், இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். ஈரம் என் சுற்று ஒட்டில் இல்லை, எத்திராஜ் போட்டுவிட்டுப் போன நெட்டு ஒட்டில். என் ஒட்டு சுற்றிலும் காய்ந்து வெளேரென்று இருந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது, ஆனால் எத்திராஜ் ஒட்டியதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி அந்த ஓட்டையை மறைத்தவளும் நான்தானே.

வெல்டர் யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார். அந்தப் பிள்ளை எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தது. பிறகு, இதை என் கண்முன்னால் சரி செய்யுங்கள், நின்றால் எடுத்துக்கொள்கிறேன் என்றது. முதலாளி என் காதோரம் வந்து, எழுபதுலயே வெய்யிம்மா, அதான் ஒனக்கு ராசி என்றார். நான் ஐம்பத்தைந்துக்கு இறக்கினேன். அவர் முகம் மாறியது. அந்த இடத்தை நான் எத்தனை தடவை தேய்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும், தகடு அங்கே மெலிந்திருக்கும், எழுபது வைத்திருந்தால் மறுபடி என் செருப்புதான் தெரிந்திருக்கும். கெரசினை ஒரு பொட்டு விடாமல் துடைத்து, ஓட்டையைச் சுரண்டித் திறந்து, ஷீல்டை இறக்கிப் பற்றவைத்தேன். உள்ளே கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உலகமே இருக்காது ஆனந்தா, பட்டாணி அளவுக்கு உருகின குளம் ஒன்று மட்டும் பளபளவென்று இருக்கும். அது அசையாமல் நின்றது. கம்பியை நாலு தடவை தொட்டேன், அணைத்தபிறகும் கேஸ் நிற்கும்வரை கையை எடுக்காமல் இருந்தேன். ஷீல்டைத் தூக்கினால் பொன் நிறம். மறுபடி சாக்பொடி, மறுபடி கெரசின், ஒரு மணி நேரம் நின்றது, துளி ஈரம் இல்லை. அந்தப் பிள்ளை தாளில் வெல்டர் பெயர் என்ற இடத்தில் ல. பஞ்சவர்ணம் என்று என்னைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டது. முதலாளி, நாளைலேந்து பஃபிங் பக்கம் போவாத, இன்னும் மூணு தொட்டி கீது என்று மட்டும் சொல்லிவிட்டு டீ வாங்கிவரச் சொன்னார். அப்பாவிடம் ராத்திரி சொன்னேன், அப்படியா என்று பேப்பரை மடித்தார், அவ்வளவுதான். காலையில் பால் பூத்தில் என் சம்சாரம் வெல்டர் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

அதனால் நிறுத்தமாட்டேன். நீ என்மேல் உள்ள பாசத்தில்தான் எழுதினாய், அது எனக்குத் தெரியாதா, அதற்காக நீ சொன்னதைக் கேட்கவேண்டும் என்று இல்லை. நீ முதல் தடவை அவ்வளவு தூரம் ரயிலேறியபோது எனக்கும் பயமாகத்தான் இருந்தது, போகாதே என்று சொல்லவில்லை. குழந்தைக்கு ஸ்வெட்டரைக் காலையில் சீக்கிரம் கழற்றாதே, சாமுண்டியை அவள் அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதமாவது போடச் சொல், நீ வெறும் வயிற்றில் டீ குடிப்பதை விடு. பொங்கலுக்குக் கட்டாயம் வா. பட்டறைக்கும் வா, முதலாளியிடம் என்ன சொல்லவேண்டுமோ சொல், ஆனால் முதலில் நான் ஒட்டுவதைப் பார்த்துவிட்டுச் சொல். ஒன்றே ஒன்று, சின்ன வயதில் அடுப்படியில் எட்டிப் பார்ப்பாயே, அந்த மாதிரி வாசலில் நின்று வெறும் கண்ணால் எட்டிப் பார்க்காதே. உனக்கென்று ஒரு கைஷீல்டுக்குப் புதுக் கண்ணாடி போட்டு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். நான் சொன்னபிறகுதான் பார்க்கவேண்டும். கண் போனால் வராது கண்ணே.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழவேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
ல. பஞ்சவர்ணம், வெல்டர்